சும்மா கிடந்த நாற்காலி

என் கடையில் வந்து உட்கார்ந்தவர்கள் தூங்கிவிடுவார்கள். அதில் பாதி என் கைராசி, பாதி நாற்காலியின் ராசி. இரும்புப் பாதம், சிவப்புத் தோல்; காலால் மிதித்தால் உயரும், விட்டால் பெருமூச்சு விட்டபடி மெல்ல இறங்கும். அதில் சாய்ந்த அடுத்த நிமிடம் பேங்க் மேனேஜரும் சரி, வம்புக்காரக் கிழவரும் சரி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். முடி வெட்டி முடித்ததும் எழுப்புவதுதான் எனக்குப் பெரிய வேலை. "ஐயா, தலை உங்களோடதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க" என்பேன்.

இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் என் வலது கட்டைவிரல் என்னோடு டூ விட்டது. முதலில் மரத்தது, பிறகு வலித்தது, பிறகு இரண்டையும் முறை வைத்துக்கொண்டு செய்தது. "கத்தரிக்கோலுக்கும் உங்களுக்கும் இனி ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றார் டாக்டர். சொல்வது அவருக்கு எளிது. நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில், சலவைக்கடைக்கு அடுத்த அறைதான் கடை. நடுச்சுவரில் ஒரு துவாரம் உண்டு. காலை பத்து மணிக்கு அவர்கள் இஸ்திரியை ஆரம்பித்தால் அதன் வழியாக நீராவி வந்து என் கண்ணாடிகள் எல்லாம் மங்கிவிடும். சாயங்காலம் வரை வாடிக்கையாளர்கள் தங்கள் முகம் தெரியாமலேயே முடி வெட்டிக்கொள்வார்கள். யாரும் குறை சொன்னதில்லை; நானும் துவாரத்தை அடைக்கவில்லை. அந்த வெள்ளை மங்கலில் வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது.

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சாமான்களை விற்றுத்தான் ஆகவேண்டும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்கும் பெட்டிகளோடு பழகிப் பழகி, அவருக்கு எதிலும் அவசரமே கிடையாது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தார்.

விற்பது என்றால் லேசுப்பட்ட காரியமா? படத்தைப் போட்டதும் "கடைசி விலை என்ன?" என்று வந்து குவிந்தார்கள். முதல் விலையைப் படித்தவர் ஒருவரும் இல்லை.

பணத்தை எப்படி வாங்குவது என்பதில்தான் முதல் சூடு பட்டேன். தலைக்கு மேல் கவிழ்த்து முடி உலர்த்துவோமே, அந்தக் கூண்டை வாங்க ஒரு பையன் வந்தான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. வாயைத் திறந்தால் "அம்மா", மூடினால் "அம்மா". பேங்கில் அனுப்பிவிட்டேன் என்று போனில் படம் காட்டினான். பச்சை டிக் போட்ட படம். நானும் பூம்பூம் மாடாகத் தலையை ஆட்டி, கூண்டை வண்டியில் ஏற்ற ஒரு கை வேறு கொடுத்தேன். பணம் இன்றுவரை வந்தபாடில்லை. படத்தை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது?

சூடுபட்ட பூனையாக, அடுத்த இரண்டையும் ரொக்கத்துக்குத்தான் கொடுத்தேன். பெரிய கண்ணாடியை வாங்கிய அம்மாள் முழுவதையும் சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டினாள். தலை அலசும் தொட்டிக்கு வந்த நோட்டில் ஒன்று நடுவில் கிழிந்து ஒட்டியிருந்தது. செக் தருகிறேன் என்ற ஒருவரை வாசலோடு வழியனுப்பினேன். பட்டது போதும்.

"நாற்காலிக்கு இதெல்லாம் வேணாம். நடுவுல நிறுத்துற முறையப் போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது என்ன முறை?"

"வாங்குறவன் பணத்தத் தளத்துல கட்டிடுவான். அது உன்கிட்டயும் வராது, அவன்கிட்டயும் இருக்காது. நீ 'கொடுத்துட்டேன்'னு அமுக்கணும், அவன் 'வாங்கிட்டேன்'னு அமுக்கணும். ரெண்டு பேரும் அமுக்கினாத்தான் கீழ இறங்கும்."

"திரிசங்கு சொர்க்கம்னு சொல்லுங்க."

"லிஃப்ட்டுனு சொல்லு. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலியாகிக்கொண்டே வந்த கடையில் நாற்காலியில் சாய்வது எனக்கு வழக்கமாயிற்று. கண்ணை மூடினால் விற்ற பொருள்கள் ஒவ்வொன்றாக வரும். கண்ணாடி ஏதோ ஒரு வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் தொங்கியது. ஒரு சின்னப் பெண் அதில் தன் விழுந்த பல்லின் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை அலசும் தொட்டியில் யாரோ மீன் வளர்த்தார்கள். அந்தக் களவாணி கொண்டுபோன கூண்டைக்கூட ஒருநாள் பார்த்தேன். அதன் கீழே வயதான அம்மா ஒருத்தி கண்மூடி, கதகதப்பாக உட்கார்ந்திருந்தாள். அவனுடைய அம்மாவாக இருக்கலாம். விழித்த பிறகு அவனைத் திட்ட மனசு வரவில்லை. மறுநாள் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

நாற்காலியை வாங்க வந்தவர் காபிக்கடை திறக்கப் போகிறவர். சுருட்டைத் தாடி, மெதுவான பேச்சு. "ஜன்னல் ஓரமாப் போடப் போறேங்க. எங்க கடையில யாரும் அவசரப்படக் கூடாது" என்று சொல்லி, சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். இருபது நிமிடம் தூங்கினார். எழுந்து, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் அங்கேயே தளத்தில் கட்டினார். சனிக்கிழமை ஆள் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

அன்று சாயங்காலமே தளத்திலிருந்து ஒரு நீளமான செய்தி வந்தது. இந்த வருடம் என் விற்பனை வரம்பைத் தாண்டிவிட்டதாம். விவரம் வரி அலுவலகத்துக்குப் போகுமாம். ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய விலையை நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் சைபர் என்று கொள்ளப்படும். நாலு சாமான் விற்றதற்கு நாடு கடத்துவார்களோ என்று நினைத்தேன்.

உடனே என் நாத்தனார் மகளுக்குப் போன் போட்டேன். அவள் வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுவாள், என்மேல் உயிர்.

"பயப்படாதீங்க அத்தை. வாங்கின விலைக்குக் கீழ வித்தா வரி கிடையாது. மேல வித்தா, மேல உள்ளதுக்கு மட்டும்தான். ரசீது இருக்கா?"

"பிஸ்கட் டப்பா நிறைய இருக்கு. ரொக்கத்துக்கு வித்ததச் சொல்ல வேணாம்ல?"

"சொல்லணும். ரொக்கமும் காசுதான் அத்தை."

"ஒரு களவாணிப் பய கூண்டத் தூக்கிட்டுப் போனானே, அது எந்தக் கட்டத்துல வரும்?"

"ஏமாந்ததுக்குக் கட்டம் இல்ல அத்தை." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாற்காலி?" என்றாள்.

"அது வாங்கினது இல்லயே. கொடுத்தது."

"அப்படின்னா, கொடுத்தவங்க என்ன விலைக்கு வாங்கினாங்களோ அதுதான் உங்க விலை. அவங்ககிட்டத்தான் கேக்கணும்."

கொடுத்தவர் அவளுடைய அம்மா. என் வீட்டுக்காரரின் அக்கா. நானும் அவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

அதைச் சொல்லிவிடுகிறேன். நான் கடை போட்டபோது கையில் கத்தரிக்கோலும் ஒரு மர ஸ்டூலும்தான் இருந்தன. ஒருநாள் காலையில் லாரி வந்து நின்றது. அண்ணி முன்சீட்டிலிருந்து இறங்கினார். அவருக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. வருகிற சாமானையும் போகிற சாமானையும் பதிவு செய்பவர். பின்னால் இந்த நாற்காலி. "கிடங்குல கேப்பாரில்லாம சும்மா கெடந்துச்சு. எடுத்துக்க கத்திரி" என்றார். என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார். மாதம் ஒருமுறை வந்து அதில் உட்காருவார். நான் வெட்டுவேன்; அவர் தூங்குவார். எங்களுக்குள் நாத்தனார் சண்டை என்று ஒன்று இருந்ததே இல்லை. அக்கம்பக்கத்தில் பொறாமைப்பட்டார்கள்.

அவர் மகளுக்கு, இந்த வரிக் கணக்குக்காரிக்குத்தான், கல்யாணம் வந்தது. முதல் நாள் பெண் என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பைத் தாண்டிய முடி. "கழுத்தோட வெட்டிடுங்க அத்தை. எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். ஒரே ஒரு தடவை, "நெஜமாவா?" என்று கேட்டேன். அண்ணிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. என் கை அரித்தது, அதுதான் உண்மை. அந்த முகத்துக்கு அந்த வெட்டு எப்படி இருக்கும் என்று என் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. வெட்டினேன். இருபத்துநாலு வருடம் அண்ணி தினமும் எண்ணெய் வைத்துச் சீவிய முடி தரையில் கிடந்தது.

கல்யாண வீட்டில் அத்தனை பேர் நடுவில் அண்ணி என்னைப் பார்த்து, "உனக்கு அந்த நாற்காலியக் கொடுத்த என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே. "சும்மா கெடந்ததத்தான கொடுத்தீங்க? சொத்தையா எழுதி வெச்சீங்க?" என்றேன்.

அதோடு சரி. அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பால்கனியில் நின்று அக்காவோடு போனில் பேசுவார். நான் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்பேன். முட்டி வலியாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாராம். புது வீட்டில் சத்தம் அதிகமாம். கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருப்பேன்.

"சைபர்னு போட்டு வரியக் கட்டிடேன். என்ன குடியா முழுகிடும்?" என்றார் இவர்.

"உங்க அக்கா கொடுத்தது சைபரா?"

"நீதான சொன்ன."

சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார். இந்த மனுஷன் வருடத்துக்கு ஒருமுறை பேசினாலும் பேசுவது நேராக வந்து குத்தும்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"மாட்டேன். ஒன்பது வருஷமா ரெண்டு மாடிக்கும் நடுவுல நின்னு எனக்குக் கால் கடுக்குது."

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனில் எழுதத் தொடங்கினேன். 'வரிப் படிவத்துக்காக நாற்காலியின் விலை தேவைப்படுகிறது' என்று முதலில் எழுதினேன். ஏதோ நோட்டீஸ் மாதிரி இருந்தது, அழித்தேன். 'நலமா' என்று எழுதி அழித்தேன். ஒன்பது வருடம் கழித்து நலமா என்று கேட்கிறவளை நானாக இருந்தால் விளக்குமாற்றால் அடிப்பேன். கடைசியில், எப்படியும் அழிக்கத்தானே போகிறோம் என்று மனசில் இருந்ததை அப்படியே எழுதினேன்.

'அண்ணி, நாற்காலிய விக்கிறேன். வாங்கின விலைன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா சைபர்னு எடுத்துக்குவாங்களாம். அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி வாய் கூசாமச் சொன்னவளுக்கு இன்னிக்கு எழுதக் கை வரல. என்ன எழுதட்டும்?'

துவாரத்தில் நீராவி வந்துகொண்டிருந்தது. எதிரில் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. அதற்குள் யாரோ முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். முடி விழுந்தது, ஆனால் தரைக்கு வரவே இல்லை. பாதியில் நின்று மிதந்தது. கறுப்பு முடி, நீளம் நீளமாக. நான் கூட்டிப் பெருக்கப் பார்க்கிறேன், விளக்குமாறு அதைத் தொடமாட்டேன் என்கிறது. "அண்ணி, கொஞ்சம் குனிங்க" என்கிறேன். யாரும் குனியவில்லை.

விழித்தபோது போன் மடியில் கிடந்தது. செய்தி போயிருந்தது. பக்கத்தில் இரண்டு டிக். எதைத் தொடுகிறோம் என்று உணர்ச்சியில்லாத அந்தப் பாழாய்ப்போன கட்டைவிரல், தூக்கத்தில் பட்டனை அமுக்கித் தொலைத்திருக்கிறது! ஐயோ என்று எழுந்து கடைக்குள் மூன்று சுற்று சுற்றினேன். அழிக்கும் வழி தெரியவில்லை. தெரிந்திருந்தால் அழித்திருப்பேனா என்பதும் தெரியவில்லை.

அன்றைக்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது: 'சனி காலை வருகிறேன். ரசீது உள்ளது.' அவ்வளவுதான். கிடங்கில் சரக்கு வருகையை எழுதுகிற மாதிரி.

சனிக்கிழமை எட்டு மணிக்கே கடைக்கு இறங்கிவிட்டேன். காலியான கடையை இரண்டு தடவை கூட்டினேன். நாற்காலியின் தோலைத் துடைத்தேன். வந்தவரை வாங்க என்பதா, உட்காருங்க என்பதா, முதல் வார்த்தை என்ன என்று ஒத்திகை பார்த்தேன். பத்து மணிக்கு நீராவி வந்தது. கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்து, சரியாக மூடாத அந்தக் கதவைச் சாத்துவதற்காக முதுகைக் காட்டித் திரும்பினார். நான் அவர் பிடரியைப் பார்த்தேன். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே, நடுவில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம்.

"எவ வெட்டினா இத?" என்றேன்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி திரும்பினார். முகம் இளைத்திருந்தது. "நான்தான்" என்றார்.

"நீங்களா? எதால?"

"நகம் வெட்டுற கத்திரியால. குளியலறைக் கண்ணாடியில பாத்து. பின்னாடி தெரியல."

"ஏன், ஊருல வேற கடையே இல்லையா?"

"தெருவுக்கு மூணு இருக்கு." பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "போனேன். உக்காந்தேன். அவ துண்டக் கழுத்துல கட்டினா. எந்திரிச்சு வந்துட்டேன். இன்னொருத்தி கையில தலையக் கொடுக்க மனசு வரல, போ."

அவர் பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். பழைய ரசீது. மடிப்பெல்லாம் மஞ்சள். நாற்காலி ஒன்று, சிவப்பு, புதியது என்று இருந்தது. புதியது. விலையைப் பார்த்தேன், காபிக்கடைக்காரர் கொடுத்ததைவிட அதிகம். அந்தக் காலத்தில் அண்ணியின் அரை வருடச் சம்பளம். பின்பக்கம் தவணைக் கட்டங்கள், மாதத்துக்கு ஒரு முத்திரையாக இருபத்துநாலு முத்திரை. நான் கடை போட்டு இரண்டு வருடம் வரை கட்டியிருக்கிறார். அந்த இரண்டு வருடமும் மாதம் ஒருமுறை இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து தூங்கியிருக்கிறார், வாயைத் திறக்காமல்.

முன்பக்கத்தை மறுபடி பார்த்தேன். வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"சும்மா கெடந்துச்சுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"விலையச் சொன்னா வாங்கியிருப்பியா நீ? நானும் கட்டுறேன்னு மாசாமாசம் காச எடுத்துட்டு வந்து நின்னிருப்ப. உன் ரோஷம் எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு நான் அப்படிப் பேசினப்ப, இதத் தூக்கி என் மூஞ்சியில அடிச்சிருக்கலாமே அண்ணி!"

"வீட்டுக்குப் போனதும் எடுத்தேன். கிழிச்சுப் போட்டுடலாம்னு." அண்ணி தரையைப் பார்த்தார். "நான் கிடங்குக்காரி. ரசீதக் கிழிக்க எனக்குக் கை வராது."

நான் அழுதேன். அழகாக அழவில்லை, மூக்கெல்லாம் ஒழுக, குழந்தை மாதிரி அழுதேன். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணி. உங்களக் கேக்காம வெட்டினது தப்பு. அதவிட, பேசினது பெரிய தப்பு" என்றேன். இந்தப் பத்து வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு வரிப் படிவம் வேண்டியிருந்தது.

"நான் மட்டும் என்ன? செருப்பு அது இதுன்னு நானும்தான் பேசினேன்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு அந்த முடி நல்லாத்தான்டி இருந்துச்சு. பாத்த நிமிஷமே தெரிஞ்சுது. இத்தன வருஷம் சீவி விட்ட எனக்குத் தெரியாதது, உனக்கு ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கு. அதுதான் கோவம். வேற என்ன?"

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"உக்காருங்க" என்றேன்.

"கை?"

"கை கெடக்குது. உக்காருங்க அண்ணி."

காபிக்கடைக்காரர் இரண்டு சுமை ஆட்களோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ஸ்பானரோடு என் வீட்டுக்காரர், நாற்காலியின் போல்ட்டைக் கழற்ற. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்பானரைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். "ஒரு அரை மணி நேரம்" என்றேன் தாடிக்காரரிடம். அவர் அவசரப்படாத மனிதர் என்று நான்தான் சொன்னேனே.

அரை மணி ஒன்றரை மணி ஆயிற்று. கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் கத்தரிக்கோலைப் பிடித்தேன். நாலு வெட்டுக்கு ஒருமுறை கையை உதறவேண்டியிருந்தது. முழங்கை வரை வலி சுண்டி இழுத்தது. கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் உருவமும் வெள்ளைக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. நரைத்த முடி விழுந்தது, இந்தத் தடவை தரை வரைக்கும் வந்தது. சுமை ஆட்கள் இருவரும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். தாடிக்காரர் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே. இவர் நின்றுகொண்டே கண்ணை மூடியிருந்தார். அந்த அறையில் விழித்திருந்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதையும் சத்தியம் செய்து சொல்லமாட்டேன்.

அண்ணியின் தலை என் கைக்குள் கனத்தது. தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்தார். குனிந்து கேட்டேன்.

"சரக்கு வந்து சேந்துடுச்சு. கையெழுத்துப் போடு" என்றார்.

முடித்து எழுப்பினேன். கண்ணாடியைக் கையால் துடைத்துக் காட்டினேன். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பிடரியைத் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு 'ம்' எனக்குப் போதும்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வாங்கிய விலைக் கட்டத்தில் ரசீதைப் பார்த்து எண்ணை அடித்தேன், ஒரு பைசா குறைக்காமல். வரி இல்லை என்று வந்தது. இவர் போல்ட்டுகளைக் கழற்றினார். நாற்காலி நாலு பேர் கையில் வாசலைத் தாண்டும்போது தன் வழக்கமான பெருமூச்சை விட்டது. நான் 'கொடுத்துவிட்டேன்' என்பதை அமுக்கினேன். கட்டைவிரல் வேலை செய்யவில்லை, ஆள்காட்டி விரலால் மறுபடி அமுக்கினேன். தாடிக்காரர் வண்டியிலிருந்து 'வாங்கிவிட்டேன்' என்றதும் போன் டிங் என்றது.

"இந்தக் காசு உங்களோடது அண்ணி" என்றேன்.

"ரசீதுல யார் பேரு இருக்கு, பாரு" என்றார்.

கடை முழுக்கக் காலி. நாற்காலி நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடமும் நாலு ஓட்டைகளும் மட்டும் இருந்தன. அண்ணி அந்த வட்டத்துக்குள் போய் நின்று புதுப் பிடரியைத் திரும்பத் தடவிக்கொண்டார்.

"இது ரெண்டு மாசத்துல வளந்துடுமே கத்திரி. அப்ப எங்க உக்கார்றது?"

"சமையல்கட்டுல ஸ்டூல் இருக்கு."

"ஸ்டூலா? நான் தூங்கிடுவேனே."

"தூங்குங்க. விழுந்துடாம நான் புடிச்சுக்கறேன்."